நாலு ராத்தல் குண்டு

2004ஆம் ஆண்டு, பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். குளிர் ஒன்பது டிகிரி. வடமேற்கிலிருந்து லேசான காற்று, தூசி இல்லை. விடியற்காலை மூட்டம் கலைந்து, தரையில் மட்டும் ஈரம் மிச்சமிருந்தது. குவைத்தில், ஜஹ்ரா ஊருக்கு மேற்கே பாலைவனத்தில், என் மெட்டல் டிடெக்டர் அதுவரை கத்தாத மாதிரி கத்தியது.

நான் இரண்டு சாண் ஆழம் தோண்டினேன். இரும்பு. உருண்டை. சிறிய தேங்காய் அளவு. மேலெல்லாம் துருவும் மணலும் சேர்ந்து தடித்த ஓடாக இறுகியிருந்தது. இரண்டு கையாலும் தூக்கியபோது இடுப்பில் சுருக்கென்றது. அந்த வயதில், ஐம்பத்தெட்டில், எனக்கு அது ஒரு பெருமையான வலியாகத்தான் இருந்தது.

நூறு தப்படிக்கு அப்பால் வேன் நின்றுகொண்டிருந்தது. உள்ளே பாய் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். மங்காஃபில் எங்கள் கட்டடத்தின் கீழே மளிகைக் கடை வைத்திருந்தவர். கீழக்கரைப் பக்கம். என்னைவிடப் பத்து வயது இளையவர். குளிர்காலத்தில் குவைத்திகள் பாலைவனத்தில் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். அவர்களுக்குக் கரி, தண்ணீர், ரொட்டி கொடுக்க வெள்ளிக்கிழமை அதிகாலையில் பாய் வேன் எடுப்பார். ஜும்மாவுக்குத் திரும்பிவிடுவார். அந்த வேனில்தான் நான் தொற்றிக்கொண்டு போவேன். அது பதினோராவது வெள்ளிக்கிழமை.

ஒருநாளும் அவர் வேனைவிட்டு இறங்கி என்னோடு நடந்ததில்லை. எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன். "நீங்க போய் வாங்க சார், நான் காலை நீட்டிக்கிறேன்" என்பார். சோம்பேறி என்று நினைத்திருந்தேன்.

உருண்டையை அவர் மடியில் வைத்தேன்.

"என்ன சார் இது?"

"குண்டு."

"யா அல்லா!" டீ கொட்டிவிட்டது.

"பீரங்கிக் குண்டு, பாய். பழசு. வெறும் இரும்பு. வெடிக்காது."

அவர் மூச்சை விட்டுக் கைலியைத் துடைத்துக்கொண்டார். "போன மாசம் வாள். இப்ப குண்டு. அடுத்த வாரம் ராஜாவே எந்திரிச்சு வருவாரு. சீட்டு மூணுதான் இருக்கு, அவரைப் பின்னால கரி மூட்டையில ஒக்கார வச்சிருவோம்."

வாள் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஜஹ்ராவில் மண் கோட்டை ஒன்று இருக்கிறது. 1920இல் அங்கே பெரிய சண்டை நடந்தது என்று படித்திருந்தேன். பிறகு 1990, 91இல் பக்கத்து நாட்டுப் படை புகுந்து நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஒரே மண்ணில் இரண்டு போரின் இரும்பு கலந்து கிடந்தது. டிடெக்டர் வைத்திருப்பவர்கள் பொதுவாக இரும்புச் சத்தத்தை அடக்கிவிட்டுத் தங்கம், வெள்ளி, செம்புக்கு அலைவார்கள். நான் மட்டும் டிடெக்டரின் குமிழை இரும்புக்குத் திறந்து வைத்திருந்தேன். தங்கம் தேடும் ஆசாமி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், இரும்பைப் பார்த்து இது எந்தப் போர் என்று சொல்வதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருப்பதாக எனக்குத் தோன்றியது. நான் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஆடிட் பார்த்தவன். எதையும் பார்த்தவுடன் எந்தக் கணக்கில் சேரும் என்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் ராத்திரி தூக்கம் வராது.

அதற்குச் சில வழிகளைக் கண்டுவைத்திருந்தேன். பழைய அடித்த இரும்பு துருப்பிடித்தால் பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகப் பிரியும். இந்தக் காலத்து எஃகு அப்படிப் பிரியாது. அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாகத் தின்னப்பட்டிருக்கும். வார்ப்பிரும்பு உடைந்தால் உள்ளே சாம்பல் நிறம். தகரம் என்றால் கையிலேயே உதிர்ந்துவிடும். காந்தம், அரம், வீட்டுத் தையல் பெட்டியிலிருந்து ஒரு ஊசி, இவ்வளவுதான் என் ஆயுதங்கள். இவற்றை வைத்துக்கொண்டு, ஜனவரியில் கிடைத்த ஒன்றே முக்கால் முழ நீளத் துருப்பட்டையை வாள் என்று தீர்மானித்து, கட்டடத்தில் நாலு வீட்டுக்குக் காட்டிவிட்டேன். அது பெரிய மரப்பெட்டிகளைச் சுற்றிக் கட்டி வரும் பட்டை. முனையில் கிளிப் இருந்ததைப் பாய்தான் நகத்தால் சுரண்டிக் காட்டினார். ஒரு வாரம் என்னை "சேனாதிபதி" என்று கூப்பிட்டார்கள்.

ஆகவே இந்தக் குண்டு எனக்கு வேண்டியிருந்தது. இதில் நான் சரியாக இருந்தாக வேண்டியிருந்தது.

திரும்பும் வழியில் பாய் சிரிக்கவில்லை. "சார், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இதை வீட்டோட வச்சுக்குங்க. வெளிய பேச வேணாம்."

"ஏன்?"

"கஃபீல் சொன்னது மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. டிசம்பரில் கடைவாசலில் இரண்டு டிரைவர்கள் அடித்துக்கொண்டு போலீஸ் வண்டி வந்து நின்றது. பாய்க்கும் அந்தச் சண்டைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் கடையின் லைசென்ஸ் கஃபீல், அதாவது உள்ளூர்ப் பொறுப்பாளி, பெயரில். அந்தக் குவைத்திக் கிழவர் மறுநாள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்: இன்னொரு தரம் என் கடை முன்னால் போலீஸ் நின்றால் கலாஸ், முடிந்தது, கடையை எகிப்துக்காரனுக்குக் கொடுத்துவிடுவேன். லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டிய நாள் பிப்ரவரி 28. பாய்க்கு அந்தக் கடையைத் தவிர வேறொன்றும் இல்லை.

"இரும்பு உருண்டைக்கு எதுக்கு பாய் போலீஸ் வருது?" என்றேன். அப்படித்தான் சொன்னேன்.

சாயங்காலம் கடைத் தராசில் அதை நிறுத்தோம். நான்தான் வற்புறுத்தினேன். கடையில் அப்போது ஆறு பேர் இருந்தார்கள். மேல் ஓட்டைத் தட்டி எடுத்தபின் எடை 3 கிலோ 940 கிராம். தையல் நூலைச் சுற்றி அளந்தால் சுற்றளவு 31 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ஆக, குறுக்களவு பத்து. கன அளவைப் போட்டு வார்ப்பிரும்பின் அடர்த்தியால் பெருக்கினேன்: 3 கிலோ 770. எஃகின் அடர்த்தியால் பெருக்கினேன்: 4 கிலோ 80. நிஜ எடை இரண்டுக்கும் நடுவில். உள்ளே வெற்றிடம் இல்லை, மருந்து இல்லை, கெட்டி இரும்பு. இது வரைக்கும் நான் போட்ட கணக்கில் பிழை கிடையாது. இன்றைக்கும் சொல்வேன்.

பிழை அதற்கப்புறம். துருவுக்கு நடுவில் கட்டைவிரல் பட்ட இடத்தில் ஏதோ நெருடியது. ஊசியால் சுரண்டினேன். ஓர் எண் தெரிந்தது. 4.

"பாத்தீங்களா பாய்! நாலு. நாலு ராத்தல் குண்டு. பீரங்கிக் குண்டை எல்லாம் ராத்தல் கணக்குலதான் சொல்வாங்க."

பாய் தராசைப் பார்த்தார். "நாலு ராத்தல்னா ரெண்டு கிலோகூட வராதே சார். இது நாலு கிலோவுல நிக்குது."

"அது இங்கிலீஷ் ராத்தல். இது துருக்கிக்காரன் ராத்தலா இருக்கும். பெருசு."

"துருக்கிக்காரன் இங்கிலீஷ்லயா நம்பர் போட்டான்?"

கடையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் இல்லாத ஒரு ராத்தலை அந்த இடத்திலேயே மனதில் உண்டாக்கி, ஒரு ராத்தலுக்கு ஒரு கிலோ என்று அதற்கு எடையும் கொடுத்துவிட்டேன். முப்பத்தோரு வருஷம் அடுத்தவர் கணக்கில் இப்படிப்பட்ட வேலையைத் தேடிக் கண்டுபிடித்துச் சிவப்பு மையில் வட்டம் போட்டவன். வார்த்த குண்டில் இரண்டு பாதி சேர்ந்த கோடு ஒன்று சுற்றி ஓட வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். கோடு இல்லை. துரு தின்றிருக்கும் என்று அதையும் தள்ளிவிட்டேன்.

வினிகரில் ஊறப்போட வேண்டும் என்று படித்திருந்தேன். என் மனைவி, "வெளக்கு, செம்பெல்லாம் எதுல தேய்க்கிறோம்? புளி போதாதா?" என்றாள். பாய் கடையிலேயே ஒரு பாக்கெட் புளி வாங்கி, பால்கனியில் நீல வாளியில் கரைத்து, குண்டை இறக்கினேன். காலையும் மாலையும் எடுத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பேன்.

எதிர் பிளாட்டில் ஒரு தமிழ்க் குடும்பம். ஏழு வயதுப் பெண் குழந்தை. அங்கேயே பிறந்து வளர்ந்தது. தமிழ் புரியும், வாயைத் திறந்தால் இங்கிலீஷ்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை என் மனைவி செய்த வடை வாங்க வந்தவள் பால்கனிக்கு வந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"வாட்ஸ் தட், அங்கிள்?"

"குண்டும்மா."

"குண்டு மீன்ஸ்?"

எனக்கு எடுத்துச் சொல்லச் சந்தோஷமாக இருந்தது. "அந்தக் காலத்துல சண்டை போடறப்ப எதிரி மேல எறிவாங்க. வந்து விழுந்தா கோட்டையே இடிஞ்சிரும்."

"ஐ நோ, ஐ நோ!" என்று தலையாட்டிக்கொண்டு, வடையைக் கடித்தபடி ஓடிவிட்டாள். என்ன தெரிந்துகொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

தமிழில் நமக்கு ஒரே சொல்தான். துப்பாக்கியில் போடுவதும் குண்டு, விமானம் போடுவதும் குண்டு, பீரங்கியில் வருவதும் குண்டு, அடுத்த தெருக்காரர் உடம்பும் குண்டு. நமக்குக் குழப்பமில்லை. அந்தக் குழந்தைக்கும் குழப்பமில்லை. செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தில், வகுப்பு முன்னால் நின்று எதையாவது பற்றிப் பேச வேண்டிய முறை அவளுடையது. பேசினாள். "மை நெய்பர் அங்கிள் ஹேஸ் எ பாம் இன் ஹிஸ் பால்கனி. ஹி இஸ் கிளீனிங் இட் வித் டாமரின்ட். இட் கேன் பிரேக் எ ஹோல் ஃபோர்ட்."

முந்தின வருஷம் மார்ச்சில்தான் பக்கத்து நாட்டில் போர் தொடங்கி, எங்கள் ஊரில் சைரன் ஊதியிருந்தது. ஜன்னலுக்கெல்லாம் டேப் ஒட்டியிருந்தோம். அந்தப் பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகளை மேஜைக்கடியில் உட்காரப் பழக்கியிருந்தார்கள். டீச்சர் எழுந்து போய் பிரின்சிபாலிடம் சொன்னார். பிரின்சிபால் போனை எடுத்தார். அவர்கள் இருவரையும் நான் ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன்.

பதினொன்று ஐம்பதுக்கு ஆபீசில் என் போன் அடித்தது.

"ஏங்க, கீழ போலீஸ் வந்திருக்கு." மனைவியின் குரல் மிக மெதுவாக இருந்தது. "உங்க குண்டைக் கேக்குறாங்க."

டாக்சி பிடித்து வந்தேன். தெருமுனையில் மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். ஆறு மாடி, மாடிக்கு நாலு பிளாட், எல்லாம் காலி செய்யப்பட்டு ஜனங்கள் எதிர்ச் சாரியில் நின்றார்கள். நைட் டியூட்டி முடித்துத் தூங்கியவர்கள் லுங்கியோடு. பாதி முகச்சவரத்தில் ஒருவர், சோப்பு நுரை காய்ந்து போய். ஒரு மலையாள அம்மாள் பிரஷர் குக்கரைக் கையோடு தூக்கி வந்திருந்தார். ஒரு கூண்டுக் கிளி. எனக்குப் பதற்றம் வந்தால் எண்ண ஆரம்பித்துவிடுவேன். அறுபத்தொரு பேர், கிளியைச் சேர்க்காமல். என்னைப் பார்த்ததும் பின்னாலிருந்து ஒரு தமிழ்க் குரல்: "வழி விடுங்கப்பா, சேனாதிபதி வந்துட்டாரு."

கட்டடத்தின் ஹாரிஸ், அதாவது காவல்காரன், வங்காளதேசத்து ஆள், என்னைக் கைகாட்டினான். "சாப், யஹி ஆத்மி."

அதிகாரிக்கு முப்பது வயதிருக்கும். மரியாதையாகத்தான் கேட்டார். "ஷினு ஹாதா? கும்புலா?"

என் அரபி காய்கறி வாங்கும் அளவுக்குத்தான். கும்புலா என்ற சொல் காதில் குண்டு என்றே விழுந்தது. அவருக்கு எப்படியோ புரிந்துவிட்டதே என்று ஒரு நிம்மதி. "ஐவா, ஐவா, கும்புலா!" என்று பலமாகத் தலையாட்டினேன். "ஓல்ட் கும்புலா. ஹண்ட்ரட் இயர்ஸ்."

நின்றவர்கள் அத்தனை பேரும் பத்தடி பின்னால் போனார்கள். கூட்டத்தில் அரபி தெரிந்த ஒருவர், "ஐயோ சார், வெடிகுண்டான்னு கேக்குறாரு சார், நீங்க ஆமாங்கிறீங்க!" என்று கத்தினார். அதற்குள் அதிகாரி வயர்லெஸ்ஸில் பேசத் தொடங்கிவிட்டார்.

நான் திருத்த முயன்றேன். இங்கேதான் என் வாழ்நாளில் நான் மிகவும் கூசுகிற காரியம் நடந்தது. அவர் இங்கிலீஷில் கேட்டது ஒரே கேள்வி: எங்கே எடுத்தீர்கள்? பாலைவனத்தில் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. நான் ஆடிட்டர் இல்லையா, அரைகுறையாகப் பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. தேதி சொன்னேன். நேரம் சொன்னேன். ஜஹ்ராவிலிருந்து எத்தனையாவது கிலோமீட்டர் என்று சொன்னேன். எந்த வேனில் போனோம் என்று சொன்னேன், அந்த வேனின் நம்பரையும் மனப்பாடமாக ஒப்பித்தேன். சாயங்காலம் இந்தக் கடையின் தராசில் நிறுத்தோம், எடை இவ்வளவு என்று கடையைக் கையால் காட்டினேன். வேன் கடைமுன்தான் நின்றது. அதிகாரி நம்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைக்குள் போனார்.

பாய் வாசலில் செவ்வாய்க்கிழமை விமானத்தில் வந்த கறிவேப்பிலைக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குவளையைக் கீழே வைக்கக்கூட விடாமல் கூட்டிப் போய் வண்டியில் உட்கார வைத்தார்கள். ஷட்டரை இறக்கிச் சீல் வைத்தார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தடித்த உடுப்பும் தலைக்கவசமும் போட்ட இரண்டு பேர் மேலே போனார்கள். நாற்பது நிமிடம். பக்கத்தில் நின்ற ஒரு பையன் யாரிடமோ, "வெடிச்சா வாடகை குறைப்பாங்களாடா?" என்றான். குக்கர் அம்மாள் என் மனைவிக்குத் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தார். அவள் வெறுங்காலோடு இறங்கி வந்திருந்தாள். எதிர் பிளாட்டுக் குழந்தையைப் பள்ளியிலிருந்து அப்போதுதான் கொண்டுவந்து விட்டார்கள். அவள் என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நானும் கையாட்டினேன். வேறென்ன செய்ய.

பிறகு அந்த இருவர் வெளியே வந்தார்கள். ஒருவர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். மற்ற கையில், வெறும் கையில், என் குண்டு. புளித்தண்ணீர் முழங்கை வழியாகப் பழுப்பாகச் சொட்டியது. அதிகாரியிடம் எதையோ காட்டினார். இருவரும் சிரித்தார்கள். அப்புறம் அந்த மனிதர் நடுத்தெருவில் நின்று, குண்டைத் தாடைக்குக் கீழே கழுத்தோடு அணைத்து, ஒரு காலை மடக்கி, மற்ற கையை முன்னே நீட்டி, அப்படியே அரைவட்டம் சுழன்றார். எறியவில்லை. எறிவது போல நின்றார்.

முதலில் கைதட்டியது யார் என்று தெரியவில்லை. பிறகு தெருவே சிரித்தது.

குண்டு எறிதல். எங்கள் உயர்நிலைப் பள்ளியில் மூன்று வருஷம் விளையாட்டு விழாவில் நான் எறிந்ததில்லை, ஒல்லிப் பையன், டேப் பிடித்து அளந்தவன் நான். அந்தச் சொல்லும் அந்த உருண்டையும் எனக்குத் தெரியாதவை அல்ல. அவர் என் முகத்துக்கு நேரே நீட்டினார். நாலு நாள் புளியில் துரு கழன்று, 4 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு இங்கிலீஷ் எழுத்துகள் துலக்கமாக இருந்தன. கே. ஜி. பெண்கள் எறியும் நாலு கிலோ குண்டு.

"கேர்ள்ஸ் ஸ்கூல்," என்றார் அதிகாரி. "நைன்ட்டியில் எல்லாத்தையும் எடுத்துப்போனாங்க. நாற்காலி, ஃபேன், பிளாக்போர்டு. இதை எதுக்கு எடுத்தாங்களோ." பாலைவனத்தில் பதுங்குகுழி வெட்டித் தங்கிய சிப்பாய்கள் விட்டுப்போனது என்று அவர் சர்வசாதாரணமாகச் சொன்னார். நான் தேடிய போர் அது இல்லை. என் கண்ணுக்கு அது பழசாகவே தெரிந்ததில்லை.

வெடிகுண்டு இல்லை என்றாலும் எழுதிய பேப்பரை முடித்தாக வேண்டும். நானும் பாயும் ஸ்டேஷனில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். வேன் நம்பர் எழுதப்பட்டுவிட்டதால் அவரும். இனி பாலைவனத்தில் தோண்ட மாட்டேன் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் இனி யாரையும் தோண்டக் கூட்டிப்போக மாட்டேன் என்று.

பிறகு அவர் கேட்டார். "சார், வண்டி நம்பர் கேட்டாங்களா?"

"இல்ல."

"கடையக் கேட்டாங்களா?"

"இல்ல பாய்."

"பொறவு?"

"விவரம் முழுசா இருக்கட்டும்னு..."

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். கோபம் இல்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தொண்ணூறுல சால்மியாவுல எனக்கு ஒரு கடை இருந்துச்சு. உங்களுக்குத் தெரியாது. ஆகஸ்ட் மாசம். லாரியக் கொண்டாந்து கடை முன்னால நிப்பாட்டி, இந்தத் தராசு மாதிரி ஒரு தராசு, அதைத்தான் மொதல்ல தூக்குனானுங்க. படிக்கல்லு ஒண்ணு விடாம. அதை வச்சு என்ன செஞ்சானுங்களோ." குவளை இன்னும் அவர் கையிலேயே இருந்தது. "நானும் ஜோர்டான் வரைக்கும் அந்தப் பாலைவனத்து வழியாத்தான் போனேன். அதான் சார், எனக்கு எறங்கி நடக்கப் பிடிக்காது. நீங்க ஒவ்வொரு வாரமும் கூப்புடுவீங்க."

பதினோரு வாரம். கூப்பிட்டதைக்கூட நான் எண்ணியிருக்கிறேன்.

கஃபீல் மாலை ஐந்தரைக்கு வந்தார். கைத்தடியும் கனத்த கண்ணாடியும். அதிகாரி நடந்ததைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. நான் எழுந்து நின்று, எனக்குத் தெரிந்த இங்கிலீஷ், இந்தி, அரபி மூன்றிலும், குண்டு என்னுடையது, புத்தி என்னுடையது, பாய்மேல் தப்பில்லை என்றேன். கிழவர் என்னை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். யாருடைய குண்டு என்பது அவருக்குப் பொருட்டே இல்லை. அவர் பாயிடம் கேட்டது ஒன்றுதான்: போலீஸ் வண்டி கடை முன்னால் நின்றதா, இல்லையா?

"நின்னுச்சு, அர்பாப்," என்றார் பாய்.

இருவரும் ஒரு மூலைக்குப் போய்ப் பேசினார்கள். எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்து பாய், "ஒண்ணும் இல்ல சார், சரியாப் போச்சு, வாங்க" என்றார். நான் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

ஆனாலும் கடையின் சீல் உடனே எடுக்கப்படவில்லை. புதன்கிழமை பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டியவர் வரவில்லை. வியாழனும் வெள்ளியும் விடுமுறை. சனிக்கிழமை காலை ஷட்டரைத் தூக்கியபோது நானும் பக்கத்தில் நின்றேன். வாசனை முதலில் வந்தது. தக்காளி, வாழைப்பழம், கொத்தமல்லி, பை பையாகப் பால், ரொட்டி, தண்ணீர் தெளித்த கறிவேப்பிலை எல்லாம் கறுத்து. நான் குப்பைப் பையைப் பிரித்துப் பிடித்தேன். பாய் அள்ளிப் போட்டார். "சேனாதிபதி, நல்லா விரிச்சுப் புடிங்க" என்றார். அந்த வாரம் முழுவதும் என்னிடம் சிரித்துப் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

28ஆம் தேதி லைசென்ஸ் புதுப்பிக்கப்பட்டது. கடை போகவில்லை. எப்படிப் போகாமல் இருந்தது என்பதை மார்ச் மாதத்தில் ஹாரிஸ் சொல்லித் தெரிந்துகொண்டேன். கிழவர் தன் பெயர் கெட்டதற்கு 150 தினார் கேட்டிருக்கிறார். கடைக்குச் சரக்குப் போடுகிறவர்களிடம் தவணை சொல்லிவிட்டுப் பாய் அதைக் கட்டியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. தினமும் அந்தக் கடையில்தான் நான் பால் வாங்கிக்கொண்டிருந்தேன்.

குண்டைப் போலீஸ் திருப்பிக் கொடுத்துவிட்டது. எனக்கு வேண்டாம் என்றேன். பாய் வாங்கிக் கடைக்கதவு காற்றில் அடிக்காமல் இருக்க வாசலில் முட்டுக்கொடுத்து வைத்தார். ஆறே மாதத்தில் எங்கள் தெருவில் அந்தக் கடைக்குக் குண்டுக்கடை என்று பெயர் நின்றுவிட்டது, டாக்சிக்காரர்களுக்கும் தெரிந்தது. எதிர் பிளாட்டுக் குழந்தை ஒவ்வொரு முறையும் அதன்மேல் ஒரு காலை வைத்து ஏறிக் குதித்துவிட்டுத்தான் உள்ளே போவாள். நான் 2009இல் ஊர் திரும்பும் வரை அதைத் தாண்டாமல் ஒரு நாளும் பால் வாங்கியதில்லை. ஒவ்வொரு நாளும் அது என் செருப்பு நுனிக்கு நேரே இருந்தது, பளபளவென்று. புளியின் வேலை அவ்வளவு சுத்தம்.

ஹாரிஸ் சொன்ன மறுநாள், கஃபீலுக்குப் போன பணத்தோடு அழுகிய காய்கறி, பால் எல்லாவற்றுக்கும் நானே ஒரு மதிப்புப் போட்டு 41 தினார் சேர்த்து, கவரில் வைத்துக் கொண்டுபோனேன். வாங்க மாட்டார், மன்றாட வேண்டியிருக்கும் என்று எண்ணி, சொல்ல வேண்டியதை எல்லாம் தயார் செய்துகொண்டு போனேன். பாய் வாங்கிக்கொண்டார். "பால் ரெண்டா சார், மூணா?" என்று கேட்டபடி கவரைக் கல்லாவில் போட்டு மூடினார். பிரிக்கவில்லை. எண்ணவில்லை. எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை. அவர் எண்ணிப் பார்த்து, சரியாக இருக்கிறது சார் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். அப்படி நின்றதுதான் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பிறகு பாலை வாங்கிக்கொண்டு, குண்டைத் தாண்டி, மாடி ஏறினேன்.

டிடெக்டரை ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் ஊர் திரும்பும்போது எனக்கு 18 தினாருக்கு விற்றிருந்தார். நான் விற்கப் பார்த்தபோது அதை யாரும் வாங்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை டாக்சிக்கு இரண்டு தினார். எல்லாம் கூட்டி, புளி 350 ஃபில்ஸையும் சேர்த்தால், அந்தக் குண்டின் கணக்கு 211 தினார் 350 ஃபில்ஸ்.